பட்டாளத்தில் அப்பா சொன்ன ஊர்

"ஊர் எதும்மா?"

"சித்தமங்கலம்."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞன் பேனாவை நிறுத்தினான். குடியுரிமைப் பதிவு மும்முரமாக நடந்த காலம். பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் வரிசையாக மேசைகளைப் போட்டு, மொழிக்கு ஓர் ஆளாக உட்கார வைத்திருந்தார்கள். மின்விசிறி மனிதர்களுக்குக் காற்று தந்ததைவிடத் தாள்களைப் பறக்கவிட்டதுதான் அதிகம். அம்மாவை வற்புறுத்தி அழைத்து வந்தவன் நான். வெளுத்த நீலச் சேலை, நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம், கையில் ஒரு துணிப்பை. பையில் தண்ணீர்ப் போத்தலும் வெற்றிலையும். அரசாங்கக் காரியம் சீக்கிரம் முடியாது என்பது அம்மாவுக்குத் தெரியும்.

"சிங்கப்பூர்ல எங்க இருக்கீங்க?"

"நாரிஸ் ரோடு."

"எத்தனை வருஷமா?"

"கல்யாணம் ஆனதிலேர்ந்து. ஜப்பான்காரன் காலத்துல மட்டும் ஜொகூர்ல எங்கப்பா தோட்டத்துல இருந்தோம்."

"அப்ப ஊரு சிங்கப்பூர்னு சொல்லுங்க லா."

"அது வீடு தம்பி. ஊரைக் கேட்டா ஊரைத்தானே சொல்லணும்?"

"அந்தச் சித்தமங்கலத்துக்குப் போயிருக்கீங்களா?"

"ஒரு தடவை. எட்டு நாள் இருந்தேன். குடிக்கத் தண்ணி கிடைக்கல."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மன்னார்குடிப் பக்கம் இருந்த அந்த ஊர் அப்பாவின் அப்பா பிறந்த ஊர். அம்மா பிறந்தது ஜொகூர் ரப்பர்த் தோட்டத்தில். நான் சித்தமங்கலத்தைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. ஆனால் நான் அரசாங்க வேலையில் சேர்ந்தபோது நிரப்பிய தாளில், 'சொந்த ஊர்' என்ற இடத்தில், என் கையாலேயே சித்தமங்கலம் என்று எழுதியிருந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. கேட்டார்கள், எழுதினேன்.

அப்படியானால் அப்பாவிடம் கேட்டபோது அவர் என்ன சொல்லியிருப்பார்?

இதற்கு மேல் சொல்ல வேண்டுமானால் அப்பா காணாமல் போன கதையைச் சொல்லியாக வேண்டும்.

துப்பாக்கி இல்லாத பட்டாளம்

அப்பா கோவிந்தசாமி துறைமுகத்தில் சரக்கு இறக்கியவர். ஜப்பான்காரன் வருவதற்கு முன், வெள்ளைக்காரப் பட்டாளம் உள்ளூர் ஆட்களை வைத்துத் தொழிலாளர் கம்பெனி ஒன்றைத் திரட்டியது. கப்பலிலிருந்து பெட்டிகளை இறக்க வேண்டும், பதுங்கு குழி வெட்ட வேண்டும், குண்டு விழுந்த பள்ளத்தை மூட வேண்டும். செய்த வேலையைத்தான் காக்கி அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு செய்யச் சொன்னார்கள். இரும்புத் தொப்பி கொடுத்தார்கள், மண்வெட்டி கொடுத்தார்கள். துப்பாக்கி கொடுக்கவில்லை.

அப்பா பெருமையாகச் சேர்ந்தார். "துப்பாக்கி குடுக்காத பட்டாளம் என்ன பட்டாளம்?" என்று அம்மா கேட்டாராம். "சுடுறவனுக்குத் தோட்டாவை யார் தூக்கிட்டுப் போய்க் குடுக்கிறது, உங்கப்பனா?" என்பது அப்பாவின் பதில். அவர்கள் பேசிக்கொண்டவற்றில் அம்மா அடிக்கடி சொல்லிக் காட்டுவது இது ஒன்றுதான்.

சேர்வதற்கு முன் நாரிஸ் ரோட்டு அறையைக் காலி செய்து, அம்மாவையும் என்னையும் கைக்குழந்தையாக இருந்த தங்கை செல்லத்தையும் ஜொகூரில் தாத்தாவின் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார். இரண்டு முறை பார்க்க வந்தார். ஒவ்வொரு முறையும் பட்டாளத்து பிஸ்கட் கொண்டுவந்தார். பல்லை உடைக்கும் பிஸ்கட். தேநீரில் முக்கி வெகுநேரம் வைத்தால் அட்டையின் வாசனை வரும். எனக்கு அது அமிர்தமாக இருந்தது.

பிறகு ஜப்பான்காரன் ஜொகூர் வழியாகவே இறங்கி வந்தான். சிங்கப்பூர் விழுந்தது. அப்பாவைப் பற்றி ஒரு சொல்கூட வரவில்லை. சண்டை ஓய்ந்து நாங்கள் நாரிஸ் ரோட்டுக்கே திரும்பினோம். அம்மா தையல் இயந்திரத்தின்முன் உட்கார்ந்தார். சிராங்கூன் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேரின் இரவிக்கை அளவு அம்மாவின் தலைக்குள் இருந்தது.

ஏழும் பன்னிரண்டும்

காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ள அரசாங்கத்துக்கு ஏழு ஆண்டு போதும். சாஸ்திரம் பன்னிரண்டு கேட்கிறது. பொறுமையில் சாஸ்திரம் அரசாங்கத்தைத் தோற்கடித்த அரிய இடங்களில் இது ஒன்று.

பன்னிரண்டு முடிந்ததும் காத்தோங்கிலிருந்த எங்கள் அத்தை, அப்பாவின் அக்கா, சடங்கு செய்து வைக்கும் ஐயரை அழைத்துக்கொண்டு வந்தார். தர்ப்பைப் புல்லில் ஆள் மாதிரி ஓர் உருவம் செய்து, அதற்கு நெருப்பு வைத்து, காரியம் முடிக்கலாம். அத்தோடு அம்மாவின் குங்குமமும் தாலியும் போக வேண்டும். முறை அப்படி.

அம்மா தையலை நிறுத்தாமலே சொன்னார்: "புல்லுக்காக நான் தாலி கழட்ட மாட்டேன்."

"அவன் வந்துடுவான்னு இன்னும் நினைக்கிறியா?" என்றார் அத்தை.

"வர மாட்டார் அண்ணி. அது எனக்குத் தெரியும். செத்த நாள் எதுன்னு சொல்லுங்க, மறுநாளே நானே எடுத்துடறேன். நாள் தெரியாம எந்த நாள்ல உட்கார்ந்து அழறது? வருஷம் முழுக்கவா?"

ஐயர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "அவா சொல்றதுலயும் நியாயம் இருக்கு," என்று போய்விட்டார். வந்த இடத்தில் கட்சி மாறிய ஐயரை அத்தை வெகுகாலம் மன்னிக்கவில்லை.

சில ஆண்டுகள் அப்படியே போயின. செல்லத்துக்கு மாப்பிள்ளை அமைந்தபோது விவகாரம் முற்றியது. மாப்பிள்ளை வீட்டார் நேரடியாகக் கேட்கவில்லை. "சம்பந்தியம்மா மணவறையில நிற்பாங்களா?" என்று அத்தை வழியாகக் கேட்டார்கள். நின்றாலும் பேச்சு, நிற்காவிட்டாலும் பேச்சு. செல்லம், "இது முடியாம எனக்குக் கல்யாணமே வேணாம்" என்று சொல்லிவிட்டாள். அம்மாவிடமல்ல, என்னிடம். நான்தானே வீட்டில் அரசாங்க உத்தியோகம் பார்ப்பவன்.

மூன்று பிரதிகள்

எனக்கு நடைமுறை தெரியும் என்ற நம்பிக்கை எனக்கு நிறையவே இருந்தது. எந்தக் கடிதத்தை யாருக்கு எழுத வேண்டும், யாருக்கு நகல் வைக்க வேண்டும், எத்தனை வாரம் கழித்து நினைவூட்ட வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். சிங்கப்பூர், நாரிஸ் ரோட்டைச் சேர்ந்த கோவிந்தசாமி, துறைமுகத் தொழிலாளி, இன்ன காலத்தில் பட்டாளத்துத் தொழிலாளர் கம்பெனியில் சேர்ந்தவர். கார்பன் தாள் வைத்து மூன்று பிரதிகள் தட்டெழுதி, இங்கிருந்த பட்டாள அலுவலகத்துக்கும் அனுப்பினேன், கடல் கடந்து வெள்ளைக்காரன் தேசத்துக்கும் அனுப்பினேன்.

பதில்கள் வந்தன. தாமதமாக வந்தாலும் பண்பாக வந்தன. சிங்கப்பூர் முகவரியோடு அப்படி ஒருவர் பதிவாகவில்லை, வருந்துகிறோம். தமிழ்ப் பத்திரிகையிலும் விளம்பரம் கொடுத்தேன். 'நாரிஸ் ரோடு கோவிந்தசாமியை அறிந்தவர்கள் தொடர்புகொள்ளவும்.' வேறு கோவிந்தசாமிகளை அறிந்தவர்கள் நிறையப் பேர் தொடர்புகொண்டார்கள். ஒரு கோவிந்தசாமியே நேரில் வந்தார்.

இந்த நிலையில்தான் அந்தப் பள்ளிக்கூட மண்டபம்.

அம்மா கட்டைவிரல் மையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது நான் கேட்டேன்: "அப்பாகிட்ட ஊர் எதுன்னு கேட்டா என்ன சொல்வார்?"

"சித்தமங்கலம்தான். வேற என்ன சொல்வார்?"

"அவர் இங்கதானே வளர்ந்தார்?"

"அதுக்கு?"

கம்பெனியில் சேரும்போது கேட்டிருப்பார்கள். அறையையும் காலி செய்தாயிற்று. சொந்த ஊரைச் சொல்லியிருப்பார். நாங்கள் எல்லாரும் அப்படித்தான். சிராங்கூன் ரோட்டில் ஒரு தலைமுறை புழங்கியிருந்தாலும், யாராவது ஊர் எது என்று கேட்டால் கடலுக்கு அப்பால் கை காட்டுவோம். நான் ஓராண்டாக அப்பாவை அவர் ஒருநாளும் சொல்லியிருக்க முடியாத ஊரில் தேடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விளம்பரத்தை மாற்றிக் கொடுத்தேன். மன்னார்குடிப் பக்கம் சித்தமங்கலம் கோவிந்தசாமி. மற்றதெல்லாம் பழையபடியே.

கடைக்காரர் வந்தார்

தீபாவளிக்குச் சில நாள் இருக்கும்போது, ஒரு பிற்பகலில், வெள்ளைத் தொப்பியும் கட்டம் போட்ட கைலியுமாக ஒருவர் மாடிப்படி ஏறி வந்தார். கையில் மடித்த பத்திரிகை. மூச்சு வாங்கியது.

"சித்தமங்கலம் கோவிந்தசாமி அண்ணன் வீடு இதானுங்களா?"

அம்மா தையலை நிறுத்தினார். "நீங்க?"

"கரீம். தோப்புத்துறைக்காரன். டன்லப் தெருச் சந்துல மளிகைக்கடை வச்சிருக்கேன்."

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மூலைக் கடையா? உங்க கடையில புளி நல்லா இருக்காதே."

"எந்தப் புளிம்மா? பழசா, புதுசா?"

"ரெண்டும்தான்."

கரீம் பாய் சிரிக்கப் பார்த்தார். முகம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மளிகைக்கடை எங்கள் வீட்டிலிருந்து ஒரு நடை தூரம். அம்மா அங்கே மஞ்சள் வாங்கியிருக்கிறார். தேங்காய் அழுகல் என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

"அண்ணனும் நானும் ஒரே கம்பெனி," என்றார். "ஜொகூர்ல ஏதோ தோட்டத்துல வீட்டுக்காரங்க இருக்காங்கன்னு சொல்வார். தோட்டத்துப் பேரு என் மனசுல நிக்கல. ஊரு பேரு மட்டும் நின்னுச்சு, எப்பவும் அதைத்தானே பேசுவார். அந்தக் குளம், அந்தக் கோயில்னு. சண்டை முடிஞ்சு, ஜப்பான்காரன் ரயில் ரோடு போடப் பிடிச்சுட்டுப் போன சயாம்லேர்ந்து உசுரோட வந்ததும், சித்தமங்கலத்துக்குத்தான் காயிதம் போட்டேன். ரெண்டு தடவை திரும்பி வந்துருச்சு."

"போன வருஷமும் விளம்பரம் குடுத்திருந்தேனே," என்றேன்.

"பார்த்தேன் தம்பி. நாரிஸ் ரோடு கோவிந்தசாமின்னு போட்டிருந்துச்சு. நம்ம ஆளு சித்தமங்கலமாச்சே, இது வேற யாரோன்னு பக்கத்தைத் திருப்பிட்டேன்."

கீழே தெருவில் பால்காரரின் மணி கேட்டது.

அம்மாதான் கேட்டார். "எப்படிப் போனார்?"

பாய் சுருக்கமாகச் சொன்னார். சிங்கப்பூர் விழுவதற்குச் சில நாள் முன்பு. துறைமுகக் கிடங்கில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஷெல் விழுந்தது. கிடங்கின் இந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் பிழைத்தார்கள், அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் பிழைக்கவில்லை. அப்பா அந்தப் பக்கத்தில் இருந்தார். வேதனைப்பட நேரமில்லை என்றார். அது உண்மையா, எங்களுக்காகச் சொன்னதா என்று நான் இன்றுவரை ஆராயவில்லை. சில கோப்புகளைத் திறக்காமலே மூடலாம்.

"எரிக்க முடியல," என்றார். "வெளிச்சம் தெரிஞ்சா மறுபடி அடிப்பான். மேட்டுல குழி வெட்டி வச்சோம். குழி வெட்டுறதுதானே எங்க வேலை. அவருக்கு என்ன சொல்லி அனுப்பணும்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சதை ஓதினேன். தப்பா இருந்தா மன்னிச்சுக்கங்க அண்ணி."

"தப்பு என்ன இருக்கு?" என்றார் அம்மா. "யாரும் இல்லாம போயிட்டாரோன்னுதான் நினைச்சிருந்தேன்."

பிறகு, நாங்கள் அத்தனை பேரும் காத்திருந்த கேள்வியைக் கேட்டார். "நாள் தெரியுமா?"

"தெரியாம என்ன? வருஷா வருஷம் அன்னிக்கு அவர் பேர்ல ஏழைகளுக்குச் சோறு போடுறேனே. முஹர்ரம் பிறை இருபத்தஞ்சு."

பிறையும் திதியும்

இங்கிலீஷ் தேதி என்ன என்று கேட்டேன். பாய்க்குத் தெரியவில்லை. குண்டு விழும்போது நாட்காட்டி யார் பார்த்தது? முஹர்ரம் பத்தாம் பிறையில் ஆஷுரா நோன்பு வைத்தவர், அதிலிருந்து பிறையை எண்ணிக்கொண்டே வந்திருந்தார். அது மட்டும் நிச்சயம்.

முஸ்லிம் மாதக் கணக்கை வைத்துக்கொண்டு எங்கள் திதியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எனக்குக் கவலை. அந்த நடைமுறை எனக்குத் தெரியாது. மறுநாள் அதே ஐயரை அழைத்து வந்தேன். பழைய பஞ்சாங்கங்களைக் கட்டாகக் கட்டி எடுத்து வந்தார். கரீம் பாய் கடையை உதவியாளிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து அம்மா காப்பி கொடுத்தார்.

"சந்திரனைப் பார்த்து எண்ணினதா?" என்று கேட்டார் ஐயர்.

"ஆமா சாமி. நாங்க எப்பவும் பிறை பார்த்துத்தான்."

"அப்ப நம்ம ஆளுதான். இங்கிலீஷ்காரன் சூரியனைப் பார்த்து எண்ணுவான், நமக்கு உதவாது." பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "உங்களுக்கு நாள் எப்போ ஆரம்பிக்கும்?"

"மஃரிபுல. பொழுது சாஞ்சதும்."

"நமக்குச் சூரிய உதயத்துல. அதனால இதைச் சொல்லுங்கோ: அவர் போனது பொழுது சாயறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பாய் கண்ணை மூடிக்கொண்டார். "பின்னாடி. அன்னிக்கு பாங்கு யார் சொன்னா? ஆனா இருட்டிருச்சு. வெளிச்சத்துல போயிருந்தா நான் இருபத்துநாலுன்னு வச்சிருப்பேன்."

ஐயரின் விரல் பக்கத்தில் இறங்கி ஓர் இடத்தில் நின்றது. "அன்னிக்கு ஏகாதசி. அந்தி நேரத்துல துவாதசி பிறந்தாச்சு. தை மாசம், தேய்பிறை, துவாதசி. அம்மா, இதுதான் உங்க ஆத்துக்காரர் நாள்."

அம்மா அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். தை, தேய்பிறை, துவாதசி. புது மருமகளின் பெயரைச் சொல்லிப் பழகுவதுபோல் மெதுவாகச் சொன்னார்.

இருவரும் காப்பியை முடித்துவிட்டுச் சேர்ந்தே படியிறங்கினார்கள். போகும்போது ஐயர் பாயிடம் புளி விலை விசாரித்தது கேட்டது.

காத்தோங்

நாள் தெரிந்த மறுநாள் எடுத்துவிடுவேன் என்று சொன்னவர், சொன்னபடியே செய்தார். காலையில் குளித்து, சாமி படத்தின்முன் தாமே தாலியைக் கழற்றி, மஞ்சள் துணியில் முடிந்து பெட்டியில் வைத்தார். குங்குமத்தை ஈரத்துணியால் துடைத்தார். ஊரைக் கூட்டி, ஒப்பாரி வைத்து, வளையல் உடைக்கும் வழக்கத்துக்கு அத்தை வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்த நெற்றி எனக்கு வேறு யாருடையதோபோல் இருந்தது. பழக வெகுநாள் ஆயிற்று.

தை மாதத்தில் காத்தோங் கடற்கரையில் நான் அப்பாவுக்கு முதல் திதி கொடுத்தேன். அப்போதெல்லாம் கடல் அங்கே பக்கத்திலேயே இருந்தது. இன்று நிரப்பிச் சாலை போட்டுவிட்டார்கள். எள்ளும் தண்ணீரும் இறைத்தபோது அம்மா பின்னால் குடை பிடித்து நின்றார். அழவில்லை. அத்தைதான் அழுதார். அப்பா அவருக்குத் தம்பிதானே. அன்று அவர்மேல் எனக்கிருந்த கசப்பெல்லாம் போய்விட்டது.

வைகாசியில் செல்லத்துக்குக் கல்யாணம். இப்போதாவது அம்மா ஒதுங்கி நிற்பார் என்று அத்தை எதிர்பார்த்தார்.

"நீங்க சொல்லி நான் தாலியை எடுக்கல அண்ணி," என்றார் அம்மா. "இப்ப நீங்க சொல்லி ஒதுங்கவும் மாட்டேன். என் பொண்ணு கல்யாணத்துல நான் முன்னால நிற்பேன்."

நின்றார். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை. கரீம் பாய் இரண்டு தட்டு நிறையப் பழமும் பட்டும் வைத்து, சித்தப்பா சீர் என்று கொண்டுவந்தார். அப்படி ஒரு சீர் எந்த முறையிலும் இல்லை. அத்தை அதை மறுவார்த்தை பேசாமல் வாங்கி மணவறை ஓரத்தில் வைத்தார்.

கல்யாணம் முடிந்த பிறகு கடல் கடந்து ஒரு கடிதமும் வந்தது. ஊரை மாற்றி நான் மறுபடி எழுதியதற்குப் பதில். சித்தமங்கலம் கோவிந்தசாமி பதிவில் இருக்கிறார், காணாமல் போனவராக. தகவல் அப்போதே சொந்த ஊர் முகவரிக்கு அனுப்பப்பட்டது. அவர்கள்மீது குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அவர் சொன்ன இடத்துக்கு அனுப்பினார்கள். நன்றி தெரிவித்துப் பதில் எழுதினேன். இம்முறை ஒரே பிரதி.

டன்லப் தெருச் சந்தில்

அந்த ஆண்டு முஹர்ரம் பிறை இருபத்தைந்து ஆடி மாதத்தில் வந்தது. பாயின் நாள் ஆண்டுதோறும் பின்னோக்கி நகரும். எங்கள் நாள் தையிலேயே நிற்கும். ஆக, அப்பாவுக்கு ஆண்டில் இரண்டு நாள் அமைந்தன.

அம்மா முதல்முறையாகப் போனார். கடைக்குப் பின்னால் இரண்டு அண்டா நெய்ச்சோறும் தால்ச்சா என்ற பருப்புக் குழம்பும். தால்ச்சாவில் எலும்பு இல்லை, கத்திரிக்காய்தான். "அண்ணன் பேர்ல போடுறது எல்லாரும் சாப்பிடணும்ல," என்றார் பாய். அப்பா நோன்பு மாதத்தில் பாயின் மூட்டைகளையும் சேர்த்துத் தூக்கியதை அன்றுதான் சொன்னார். விடியுமுன் எழுப்பி வெந்நீர் வைத்துக் கொடுப்பாராம். அதற்காகத்தானா இத்தனை ஆண்டும் சோறு என்று கேட்டேன். "அதுக்காக இல்ல தம்பி. வேற யாரும் செய்ய ஆளில்லன்னு நினைச்சேன்," என்றார்.

சந்து முழுக்க வரிசை நின்றது. கூலியாட்கள், மாட்டுக்கொட்டகை ஆட்கள், தட்டோடு இரண்டு சீனக் கிழவர்கள். ஓத வேண்டிய லெப்பை முதல் ஆண்டே, இவர் நம்மவர் இல்லையே என்று தயங்கினாராம். அதனால் ஒவ்வோர் ஆண்டும் பாயே நின்று கையேந்தி ஓதுவது வழக்கம். அன்றும் அண்டாவின்முன் நின்று கையை விரித்தார். அரபியில் தொடங்கினார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அலைபோல ஏறி இறங்கிய அந்த வாசகங்களுக்கு நடுவே, திடீரென்று, தெளிவாக, 'கோவிந்தசாமி' என்று வந்தது.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். சத்தமாக, வாய்விட்டு. நான் அதற்கு முன் அவர் அழுது பார்த்ததில்லை. பாய் நிறுத்தினார். அம்மா அழுதபடியே கையை அசைத்து, நிறுத்த வேண்டாம் என்று காட்டினார். பாய் முதலிலிருந்து மறுபடி தொடங்கினார். பெயர் வந்ததும் அம்மா மறுபடி அழுதார். பாய் காத்திருந்தார்.

அண்டாவிலிருந்து ஆவி குறைந்துகொண்டே வந்தது. வரிசையில் நின்ற யாரும் சோறு ஆறுகிறது என்று சொல்லவில்லை.